கீழ் முடிச்சு

இரத்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேலே தோட்டத்துக்கு நடக்கத் தொடங்கி அரைக் கட்டை தூரம்கூடப் போயிருக்க மாட்டேன், காலில் ஓர் அட்டை ஏறிவிட்டது. நீங்கள் நினைக்கிற அட்டை இல்லை. இரத்தம் குடித்து முடித்து அது கீழே விழுந்தபோது சத்தம் கேட்டது. இதைப் படித்தால் என் மனைவி நூருன்னிஸா, "விழுந்து சலாமும் சொல்லிச்சுன்னு எழுதுங்களேன்" என்பாள். எழுதலாம்தான். ஐம்பத்தெட்டாம் ஆண்டு அட்டை சலாம் சொல்லவில்லை என்று சாட்சிக்கு வர இப்போது யார் இருக்கிறார்கள்?

ஆனால் ஒன்று. மாத்தளையில் தந்தி அடித்தே காலத்தைக் கழித்து, இன்று பென்சன் வாங்கிக்கொண்டு குந்தியிருக்கும் இந்தப் பதுர்தீன், அட்டையைப் பெருப்பிப்பான், மழையைப் பெருப்பிப்பான், தன் இளமைக்கால அழகைக் கட்டாயம் பெருப்பிப்பான். கயிற்றில் கண்ட முடிச்சையும் காதில் விழுந்த சத்தத்தையும் மட்டும் பெருப்பிக்க மாட்டான். அந்த இரண்டும் உள்ளபடியே போதும்.

நான் பார்க்கப் போனது நோபர்ட்டை. அந்தத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர். பகலில் கொழுந்துக் கணக்கு, பொழுது சாய்ந்தால் றேடியோ. கேட்கிற றேடியோ இல்லை, பேசுகிற றேடியோ. லைசென்ஸ் எடுத்து, சொந்தமாகப் பெட்டி செய்து, முற்றத்தில் செப்புக் கம்பி இழுத்து, முகம் தெரியாத தேசத்துக்காரனோடு மோர்ஸ் தட்டிப் பேசிச் சந்தோசப்படுகிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க உண்டு. ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் கொடுத்த கூப்பிடு எழுத்து உண்டு. நோபர்ட்டின் எழுத்துகளை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கூப்பிட்டதாகிவிடும்.

"கம்பி இறங்குது, நானா" என்றுதான் டெலிபோனில் சொன்னான்; முஸ்லிம் அண்ணன் என்பதால் அங்கே எல்லாருக்கும் நான் நானா. "ஒருக்கா வந்து பாருங்க."

"இறங்கினா ஏத்து ஐசே. இதுக்கு ஒரு தந்திக்காரன் வேணுமா?"

மறுமுனையில் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஏத்தினேன். திரும்பவும் இறங்குது."

நான் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம். மழை விட்டிருந்தது. நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து பனிமூட்டம் தேயிலைக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நோபர்ட்டின் மனைவி மரிய கொறற்றி நின்றாள்.

"வாங்க நானா. உங்களுக்குன்னு புதுச் சட்டியில முட்டை அவிச்சு வச்சிருக்கேன். பன்றி பக்கத்து லயத்து வீட்டுக்குக்கூட வரல, பயப்படாம சாப்பிடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிக்கொண்டே முற்றத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

முற்றத்தின் இரண்டு ஓரத்திலும் இரண்டு டர்பன்டைன் மரங்கள். வானத்தில் ஓட்டை போட்டு அதற்கு மேலும் வளர்ந்தவை. (கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.) அந்த இரண்டுக்கும் இடையில்தான் செப்புக் கம்பி. மரத்து உச்சியில் கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றின் நுனி அடிமரத்தில் கட்டியிருக்கும். கொடியில் துணி ஏற்றுகிற மாதிரி கம்பியை ஏற்றலாம், இறக்கலாம்.

எதற்கு ஏற்ற, எதற்கு இறக்க என்று கேட்பீர்கள். நோபர்ட் எனக்குச் சொன்னதையே சொல்கிறேன். கல்லைச் சாய்த்து எறிந்தால் குளத்துத் தண்ணீரில் தத்தித் தத்தி அக்கரைக்குப் போகும். நேரே மேலே எறிந்தால் எறிந்தவன் காலடியிலேயே விழும். றேடியோ அலையும் அந்த ஜாதிதான். கம்பி உச்சியில் இருந்தால் அலை சாய்ந்து கிளம்பி, வானத்தில் பட்டுத் தெறித்து, கடல் தாண்டிப் போய் விழும். கம்பியை ஆள் உயரத்துக்கு இறக்கினால் அலை நேரே மேலே போய், பக்கத்து மலைக்குப் பின்னாலேயே விழும். உயரக் கம்பிக்கு ஜப்பான் கேட்கும். அடுத்த மலை கேட்காது.

அதனால் கயிற்றில் இரண்டு இடத்தில் சாயம் பூசி வைத்திருந்தான். சிவப்பு, மேல் முடிச்சு. நீலம், கீழ் முடிச்சு.

"மேல் முடிச்சு உலகத்துக்கு, கீழ் முடிச்சு இருளாண்டிக்கு" என்பான்.

இருளாண்டி, மலைக்கு அந்தப் பக்கத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சர். பெயரைக் கேட்டு மீசையும் அரிவாளுமாக நினைத்துவிடாதீர்கள். ஊசி போடும்போது நோயாளியைவிட அவன்தான் அதிகம் முகம் சுளிப்பான். அவனுக்கும் லைசென்ஸ் இருந்தது. பட்டாளம் விட்டுப்போன பழைய சாமான்களில் அவன் செய்த பெட்டி கொசு மாதிரித்தான் கத்தும். ஞாயிறு பின்னேரங்களில் நோபர்ட் கம்பியை இறக்குவான், இரண்டு பேரும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் தட்டி, இன்றைக்கு என்ன கறி என்பதில் தொடங்கித் துரையின் நாய் வரைக்கும் பேசுவார்கள். மாத்தளைக்கு மருந்து எடுக்க வந்தால் இருளாண்டி என்னிடமும் வருவான். மேசையில் விரலால் தட்டுவான்: "நானா, டீ இருக்கா?"

தந்திக்காரனுக்கு எழுத்தைவிடக் கை முக்கியம். ஒவ்வொருவன் தட்டுவதிலும் ஒரு கை இருக்கும். நோபர்ட்டின் கைக்கு எப்போதும் அவசரம். இருளாண்டியின் கை கடைசித் தட்டில் ஒரு சொட்டு தாமதிக்கும், மருந்துக் கிளாசில் அளவு பார்த்து ஊற்றுகிறவன் மாதிரி. ஆயிரம் பேரில் கண்டுபிடிப்பேன். சரி, நூறு பேரில்.

அந்த இருளாண்டி, ஐம்பத்தேழு மார்கழி வெள்ளத்தில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மலை சரிந்து மண்ணுக்குள் போய்விட்டான்.

அதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். தெரியாதது மரத்தடியில் இருந்தது.

நோபர்ட் அங்கேதான் நின்றான். ஆள் பாதியாகியிருந்தான். என்னை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, கயிற்றைக் காட்டினான்.

கம்பி என் நெற்றிக்கு நேரே தொங்கியது. கயிறு நீலச் சாயத்தில் கட்டியிருந்தது. தட்டையான, சப்பென்று படிந்த முடிச்சு. இரண்டு நுனியும் உள்ளே மடித்துச் செருகியிருந்தது, காயத்துக்குச் சுற்றிய துணியில் செருகுவது போல.

"யாரு கட்டினது?"

"நான் கட்டினா மாட்டைக் கட்டின மாதிரி இருக்கும், நானா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். பேண்டேஜ் முடிச்சு யார் கட்டுவான் என்றும் தெரியும். இருளாண்டி இங்கே வரும்போதெல்லாம், "விடுங்க அண்ணே, நோகாம கட்டணும்" என்று கயிற்றைப் பிடுங்கிக் கட்டுவான்.

"லயத்துப் பையன்கள் வேலை" என்றேன்.

"பையன்கள் டிஞ்சர் பூசிட்டு வருவாங்களா?"

குனிந்து முடிச்சை மோந்தேன். டிஞ்சர் அயடின். அதற்குக் கீழே, இப்போதுதான் வெட்டிய ஈர மண்.

பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பகிடி. நானே கயிற்றை அவிழ்த்தேன், இருவருமாகக் கம்பியை உச்சிக்கு இழுத்தோம், சிவப்பில் வைத்து முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டேன். "இதை அவிழ்க்கிறவனுக்கு என் பென்சனை எழுதித் தாறேன்" என்றேன். பென்சனுக்கு அப்போது எனக்கு வயதே ஆகவில்லை.

உள்ளே போனோம். முட்டை, தேங்காய்ச் சம்பல், பால் விடாத சாயத் தேத்தண்ணி. நோபர்ட் எதையும் தொடவில்லை. பொழுது சாயும் நேரம் பெட்டியைப் போட்டான். அந்தக் காலம் சூரியனில் கரும்புள்ளிகள் கூடியிருந்த காலம். வானம் கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பித் தரும். வால்வுகள் சூடேறின. ஜப்பான்காரன் ஒருவன் சளசளவென்று வந்தான். அவனுக்குப் பின்னால் நியூசிலாந்து.

"பாத்தியா ஐசே, ஒரு பேயும் இல்ல. ஜப்பான்காரன் எவ்வளவு தெளிவா..."

கீச்.

வெளியே கப்பி ஒரு தடவை முனகியது.

நோபர்ட் அசையவில்லை. என்னைப் பார்த்தபடியே இருந்தான், இப்போது நம்புகிறீர்களா என்று கேட்பதுபோல.

கீச். கீச்.

அவசரமே இல்லாத சத்தம். நோயாளியைக் கட்டிலோடு இறக்குகிற மாதிரி, அசங்காமல், நோகாமல்.

ஜப்பான்காரன் மெலிந்தான். நியூசிலாந்து மூச்சடங்கியது. கம்பி ஒரு முழம் இறங்க இறங்க ஒவ்வொரு தேசமாகப் பெட்டியை விட்டுப் போனது. கடைசியில் உலகமே போய், இரைச்சல் மட்டும் மிஞ்சியது, தகரத்தில் தூறல் விழுவது போல.

ஜன்னலுக்கு ஓடினேன். பனிக்குள் கம்பி, ஆள் உயரத்தில். மெல்ல ஆடி நின்றது.

மரத்தடியில் யாரும் இல்லை.

அப்போதுதான் கேட்டது.

இரைச்சலுக்கு அடியில், கொசு மாதிரி, மெலிந்த ஒரு தட்டல். நிதானமான கை. கடைசித் தட்டில் ஒரு சொட்டு தாமதம்.

"அண்ணே. பேசலாமா?"

லா ஹவ்ல வலா குவ்வத்த. எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்து அடைத்துக்கொண்டது. பொழுது சாய்ந்துவிட்டால் பக்கத்து அலை வானத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே போய்விடும், திரும்பி விழாது. அந்த நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருப்பவன் தட்டினாலும் இங்கே கேட்க வழியில்லை.

"அண்ணே. பேசலாமா?"

நோபர்ட் எழுந்து, பெட்டியின் முதுகில் இருந்த கம்பி முனையைப் பிடுங்கி எறிந்தான்.

சத்தம் கூடியது.

"நோபர்ட்! என்ன கேக்கிறான் அவன்?"

"பதில்" என்றான். "நான் பொறுக்கச் சொன்னேன், நானா."

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். மோர்ஸ்காரர்களுக்குள் இரண்டு சைகை உண்டு. டிட்-டா-டிட்-டிட்-டிட் என்றால் "பொறு". டா-டிட்-டா என்றால் "நீ பேசு". பொறு என்று சொன்னால், பேசு என்று சொல்லும்வரை மற்றவன் காதை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். அது மரியாதை. அது ஒழுங்கு.

நோபர்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"வெள்ளத்தன்னைக்கு. பசிபிக்ல ஒரு பொட்டுத் தீவு. யாரோ கப்பல்ல போய் இறங்கிக் கொஞ்ச நாளைக்கு மட்டும் பேசினாங்க. இலங்கையில ஒருத்தனுக்கும் கிடைக்கல, கிடைச்சா பெரிய பேரு. எனக்குக் கேட்டுச்சு நானா, மேல் முடிச்சுல, அவ்வளவு தெளிவா. என் முறைக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். அந்த நேரம் பாத்து இவன். நடுவுல, கொசு மாதிரி. 'அண்ணே, அவசரம், கம்பிய இறக்குங்க'ன்னான்."

"இறக்கலயா?"

"இறக்கினா தீவு போயிடுமே."

பெட்டிக்குள் இரைச்சல் தாழ்ந்தது, அதுவும் கேட்டுக்கொண்டிருப்பது போல.

"பொறுன்னு அடிச்சேன். தீவு கிடைச்சிருச்சு. அந்தச் சந்தோசத்துல..." அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "மறந்துட்டேன், நானா. மறந்தே போயிட்டேன்."

"அன்னைக்குத்தானா?"

கதவில் மரிய கொறற்றி. கையில் தேத்தண்ணிக் கோப்பை.

"என்னையும் பிடிச்சு இழுத்து ஆடினீங்களே. கொறற்றி, கிடைச்சிருச்சு, கிடைச்சிருச்சுன்னு. அன்னைக்குத்தானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இருளாண்டி பொஞ்சாதி சந்திரகாந்தா கல்லறையடியில எங்கிட்டச் சொன்னா. டெலிபோன் கம்பி அறுந்து போச்சு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால மண்ணு வெடிச்சு நின்னுச்சு. நோயாளிகளைத் தூக்க லொறி கேக்கத்தான் கூப்பிட்டிருக்கான். அப்புறம் அவனே ஆளுகளைச் சேத்து எல்லாரையும் மேல கோயிலுக்கு ஏத்திட்டு, திரும்பிப் போய்ப் பெட்டி முன்னால குந்திக்கிட்டான். நீங்களும் வாங்கன்னு அவ கையைப் பிடிச்சு இழுத்திருக்கா. 'அண்ணே பொறுக்கச் சொல்லியிருக்காரு. நான் எந்திரிச்ச நேரம் பாத்துக் கூப்பிட்டா மரியாதையா இருக்குமா?'ன்னானாம்."

கொறற்றி கோப்பையை மேசையில் வைத்தாள். அது கடகடவென்று ஆடியது.

"தோண்டி எடுக்கும்போது காதுக்கருவி காதுலயே இருந்துச்சாம். அந்தப் புள்ள என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உங்க மேல அவ்வளவு மதிப்புங்க அவருக்கு'ன்னா. நான் தலையாட்டினேன், நானா. ஆமான்னு தலையாட்டினேன்."

"அண்ணே. பேசலாமா?"

"பேசுன்னு அடி ஐசே!" என்றேன். "அவ்வளவுதானே கேக்கிறான். மூணு தட்டு. அவனை விட்டுரு."

"அடிச்சா அவன் சொல்லுவான்."

"சொல்லட்டும்."

"சொன்னா நான் கேக்கணுமே, நானா."

அவன் நெற்றி வேர்வை மேசையில் சொட்டியது. டிஞ்சர் மணம் அறை முழுக்க நிறைந்து கண்ணைக் கரித்தது. கொறற்றி பக்கத்தில் வந்து, அவன் தோளில் கை வைத்தாள். அடிக்கிற மாதிரியும் இருந்தது, அணைக்கிற மாதிரியும் இருந்தது.

"அடிங்க" என்றாள். "நான் இங்கதான் நிக்கிறேன். ரெண்டு பேருமா கேப்போம்."

நோபர்ட் மோர்ஸ் தட்டும் கட்டையில் விரலை வைத்தான். இரைச்சல் அப்படியே நின்றது. பெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டது.

விரல் அழுந்தியது.

தட்டியது.

டிட்-டா-டிட்-டிட்-டிட்.

எனக்கு முதலில் விளங்கியது. பிறகு அவனுக்கு. தன் விரலை அவன் பார்த்த பார்வையை நான் எந்த மையத்து வீட்டிலும், எந்தச் சாவு வீட்டிலும் பார்த்ததில்லை. பயத்தில் இருந்த கைக்குப் பழகிய பாதைதான் தெரிந்தது. பொறு. மறுபடியும் பொறு.

கொறற்றிக்கு மோர்ஸ் தெரியாது. "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பிறகு, கோபமே இல்லாத அந்தக் கை, நிதானமாக, எழுத்தெழுத்தாக:

"சரிங்க அண்ணே."

நோபர்ட் கட்டையின் மேல் விழுந்தான். டா-டிட்-டா, டா-டிட்-டா, பேசு, பேசு என்று அடித்தான், விரல் நகம் பிய்ந்து இரத்தம் வரும்வரை அடித்தான். டிஞ்சர் மணம் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே கம்பி அசையாமல் தொங்கியது. மறுநாள் பார்த்தேன். நான் போட்ட முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்டு, கயிறு நீலத்தில், தட்டையாக, நுனி மடித்துச் செருகிக் கட்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவன் கம்பியை ஏற்றவே இல்லை. ஜப்பானும் நியூசிலாந்தும் அவனை மறந்தன. ஒவ்வொரு நாளும் பொழுது சாயும் நேரம் பெட்டிக்கு முன்னால் குந்தி, "பேசு" என்று அடிப்பான். கொறற்றி பக்கத்தில் ஜெபமாலையோடு இருப்பாள். பதில் வராது. பொறுக்கச் சொன்னால் பொறுக்கிறவன் அவன். எதுவரைக்கும் என்று நோபர்ட் சொல்லவில்லையே. சந்திரகாந்தாவிடம் போய் உண்மையைச் சொன்னான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள், "கூப்பிடுவீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றாளாம். அவ்வளவுதான்.

அப்படியே வருசங்கள் போய், நோபர்ட்டும் போய்ச் சேர்ந்தான். அடக்கத்துக்குப் போனேன். சாமான்களைக் கட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கொறற்றி செப்புக் கம்பியையும் கயிற்றையும் என் கையில் தந்தாள். "எனக்கு வேணாம் நானா. நல்ல செம்பு. எதுக்காவது ஆகும்."

நான் இலவசமாகக் கிடைத்தால் பாம்பையும் வாங்கி வருகிறவன். எங்கள் வீட்டுப் பின்வளவில் இரண்டு கமுகு மரங்களுக்கு நடுவில் அதை உடுப்புக் கொடியாகக் கட்டினேன். நன்றாக உயரத்தில், கவைக்கம்பு வைத்துத்தான் துணி போட முடியும். நூருன்னிஸாவுக்குப் பெரிய சந்தோசம்.

போன கிழமை காலையில் அவள் கத்தினாள். "இந்தாங்க, யாரு கொடியை இறக்கினது? என் வெள்ளைச் சீலை எல்லாம் சேத்துல கிடக்குது!"

போய்ப் பார்த்தேன். கயிற்றில் பழைய நீலச் சாயம். தட்டையான முடிச்சு. நுனி உள்ளே செருகியிருந்தது.

சேற்றில் கிடந்த சீலைகளை எடுத்துக் கொடுத்தேன். கொடியை ஏற்றவில்லை.

நேற்று அந்தி சாய மஃரிப் தொழுதுவிட்டுப் பின்பக்கம் வந்தேன். காற்று இல்லை, ஓர் இலைகூட அசையவில்லை. கம்பியின் நுனி மட்டும் கிணற்றடித் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. அவசரமான கை.

டா-டிட்-டா. டா-டிட்-டா.

அது நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, நிதானமான கை. கடைசித் தட்டில் ஒரு சொட்டு தாமதம்.

"நானா. பேசலாமா?"

அடுப்படியில் இருந்து நூருன்னிஸா கூப்பிட்டாள். "என்ன அங்க டொக்கு டொக்குன்னு? அங்க நின்னு என்ன செய்றீங்க?"

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பெருப்பிக்க ஒன்றும் வரவில்லை.

"கொஞ்சம் பொறு புள்ள" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

கம்பி நின்றது. பிறகு தகரத்தில், மிக மரியாதையாக, எழுத்தெழுத்தாக:

"சரிங்க நானா."